ஆறாயிரத்து இருநூற்றுப் பதினான்கு ஃபேக்ஸ் எண்கள்

பிப்ரவரி 6

அன்புள்ள வாளி,

உன் மென்பொருள் கம்பெனியின் கேள்வித்தாள் கிடைத்தது. "தற்போதைய மென்பொருளில் தங்களுக்குள்ள திருப்தியை ஒன்று முதல் ஐந்துக்குள் குறிக்கவும்" என்று அச்சடித்திருந்தது. பூஜ்யத்துக்குக் கட்டம் இல்லை. குப்பைக்கூடைக்குப் பாதி தூரம் கொண்டுபோன பிறகுதான் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தேன். மனிதர்களுக்கு முடி நரைக்கும், இடுப்பு பெருக்கும். கடைசி எழுத்தின் வாலை இழுத்துத் தன் பெயருக்குத் தானே அடிக்கோடு போட்டுக்கொள்ளும் திமிர் மட்டும் பதினோரு வருடத்திலும் போகாது போலிருக்கிறது.

அதே நீதானா? பயிற்சி வகுப்பின் முதல் நாளில் ஒரு மாதிரிக் கோப்பைப் படித்துவிட்டு, அதுவும் கற்பனைக் குழந்தையின் கோப்பு, மேசை நனைய அழுது 'வாளி' என்று பெயர் வாங்கியவள்? ஆம் என்றால் மேலே படி. இல்லையென்றால் மன்னிக்கவும், என் திருப்தி ஒன்று.

பக்கத்து நாற்காலியில் அழாமல் உட்கார்ந்திருந்ததற்காகக் 'கருங்கல்' என்று பெயர் வாங்கியவள் நலமாக இருக்கிறேன். அதே குழந்தைகள் நல அலுவலகம், அதே மாடி. எதைக் கேட்டாலும் "ஆகட்டும், பார்க்கலாம்" என்பாரே நம் மேலதிகாரி, அவரும் இருக்கிறார். மின்விசிறியைச் சரிசெய்ய நீ கொடுத்த மனுவை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கையால் எழுதுவதற்குக் காரணம் கேட்பாய். எட்டு மணி நேரம் மாமியார் முன்னால் உட்கார்ந்த பிறகு இன்னொரு திரையைத் தொட விரல் மறுக்கிறது. மாமியார் என்றால் அந்த மென்பொருள்தான். நீ போன பிறகு வைத்த பெயர். காரணம் சொல்லாமல் கோபித்துக்கொள்ளும், சமாதானமாகும்போதும் காரணம் சொல்லாது. பத்து நிமிடம் விசை தட்டாவிட்டால் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடும். நாம் யோசித்துக்கொண்டிருக்கலாம் என்பது அதற்குத் தோன்றுவதில்லை. அரசாங்க வேலையில் யோசனைக்கு நேரம் ஒதுக்கிய வழக்கம் இல்லைதானே.

ஒரு குழந்தையைப் பதிய நாற்பத்து மூன்று திரைகள். பதினேழாவது திரை, 'குழந்தையின் தொழில்.' காலியாக விட்டால் நகராது. விவசாயம், வணிகம், அரசுப்பணி, ஓய்வு பெற்றவர், மற்றவை. 'மற்றவை' என்றால் விளக்கம் கேட்டு இன்னும் ஆறு திரை வரும். ஆகவே பிறந்து மூன்று வாரமான குழந்தையை 'ஓய்வு பெற்றவர்' என்று போடுகிறோம். ஆண்டறிக்கையில், நம் பராமரிப்பில் உள்ளோரில் முப்பத்தெட்டு சதவீதம் ஓய்வு பெற்றவர்கள் என்று வந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஓய்வூதியம் எப்போது என்றுகூடக் கேட்கவில்லை.

இதெல்லாம் சிரிப்பதற்கு. சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நவம்பர் 14 அன்று இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். அக்காவுக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நான்கு. அப்பா எங்கே என்று தெரியாது. அம்மாவை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது நான் பக்கத்தில் நின்றேன். "ரெண்டு பேரும் என் வயித்துல பொறந்ததுங்க, பிரிச்சிடாதீங்கம்மா" என்றாள். பிறப்புச் சான்று இருவருக்கும் இல்லை. அக்காவைப் பதிந்துகொண்டிருந்தபோது அவள் அழுதாள். சமாதானப்படுத்திவிட்டுத் திரும்பினால் பத்து நிமிடம் ஆகிவிட்டது, மாமியார் கதவைச் சாத்திவிட்டது. மறுபடி திறப்பதற்குள் தம்பியின் பதிவு வேறு அலுவலகத்தின் வரிசைக்குப் போய், இரண்டு பேருந்து மாறிப் போகும் தூரத்தில் ஒரு வீடும் ஒதுக்கிவிட்டது. அம்மா டிசம்பரில் இறந்துவிட்டாள்.

நான் போகும்போதெல்லாம் அக்கா ஒரே கேள்வி கேட்கிறாள்: "தம்பி எந்தப் பக்கம் இருக்கான்?" கையைக் காட்டுவேன். நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொள்வாள்.

விதி உனக்கு நினைவிருக்கும். ஒரே வீட்டில் ஆறு மாதம் இருந்தால் அதுவே நிரந்தர வீடு. மே 14 வந்தால் அக்காவுக்கு ஒரு வீடு, தம்பிக்கு ஒரு வீடு, ஆயுசுக்கும். இருவரையும் எடுத்துக்கொள்ளும் வீட்டைத் தேடலாம் என்றால் மாமியார் ஒரு முறைக்கு ஒரு குழந்தைக்குத்தான் தேடும். ஒரு வீட்டில் ஒரு கட்டிலை அக்காவுக்கு ஒதுக்கினால், அந்த வீட்டின் மற்றக் கட்டில் 'வீடு ஒதுக்கப்பட்டது' என்று பூட்டிக்கொள்ளும்.

நீ ஏன் போனாய் என்று நான் கேட்கவில்லை. உன் முப்பத்தொரு கோப்புகளும் ஒரு திங்கட்கிழமை காலை என் மேசைமேல் இருந்தன, நீ இல்லை. அதைப் பற்றி எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அது தனிக் கணக்கு. இப்போது இதைச் சரிசெய்து கொடு.

இப்படிக்கு,
கருங்கல்


பிப்ரவரி 15

அன்புள்ள கருங்கல்லுக்கு,

அதே நான்தான். உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தேன். 'ஓய்வு பெற்றவர்' வரியில் சத்தமாகச் சிரித்தேன், நாற்காலியைத் திருப்பிய இடத்தில் எழுந்து கழிவறைக்குப் போய்விட்டேன். பெயர் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

மொத்தம் தொள்ளாயிரம் கேள்வித்தாள் அனுப்பினோம். திரும்பி வந்தவை பதினொன்று. பத்தில் எல்லாக் கேள்விக்கும் 'மூன்று'. பதினொன்றாவது உன் கடிதம். எங்கள் மேலாளர் பத்தையும் கூட்டி வகுத்துச் "சராசரி திருப்தி மூன்று, நல்ல நிலை" என்று வண்ணப்படம் போட்டுவிட்டார். உன் கடிதத்தைக் காட்டினேன். "இதுக்கு எண் கொடுக்க முடியாதே" என்றார். பிறகு படித்தார். இப்போது அவரே எல்லாரிடமும் "குழந்தைக்கு என்ன தொழில்?" என்று கேட்டுக்கொண்டு திரிகிறார். அவர் வீட்டில் ஏழு மாதக் குழந்தை இருக்கிறது.

அதன் பலன், மூன்று நாள் உன் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்து, நீங்கள் வேலை செய்வதைப் பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. மார்ச் முதல் வாரம் வருகிறேன். நீ செய்வதை அப்படியே செய், எனக்காக எதையும் மாற்றாதே. திட்டுவதாக இருந்தால் அதையும் வழக்கம்போலச் செய்யலாம்.

உடன்பிறந்தவர்களுக்கு ஒரு கட்டம் கட்டாயம் வைக்கிறேன். இருவரைச் சேர்த்துத் தேடும் திரையும். மே 14க்கு முன்னால். இதை நான் உனக்குத் தரும் வாக்காக வைத்துக்கொள். என் வாக்குக்கு உன்னிடம் என்ன மதிப்பு என்று தெரியும், இருந்தாலும்.

நான் ஏன் போனேன் என்று கேட்காததற்கு நன்றி. கோபமாக இருப்பதற்கும் நன்றி. மறந்திருப்பாய் என்று நினைத்திருந்தேன்.

அன்புடன்,
வாளி


மார்ச் 10

அன்புள்ள வாளி,

நீ போனதும் உன் நாற்காலியை எடுக்க ஆள் வந்தான். "இருக்கட்டும்பா" என்றேன். வெறும் சோம்பல்தான், வேறொன்றும் நினைத்துக்கொள்ளாதே.

இடுப்பு பெருக்கும் என்று எழுதியதற்கு மன்னிப்பு. உனக்குப் பெருக்கவில்லை. அதற்கும் சேர்த்து ஒரு கோபம்.

மூன்று நாளும் நீ ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாய். பக்கத்து மேசைக்காரி பயந்துபோய், "நம்மள வேலைய விட்டுத் தூக்கத்தான் வந்திருக்காங்களா அக்கா?" என்று காதைக் கடித்தாள். "இல்லடி, மாமியாரத் தூக்க வந்திருக்கா" என்றேன். அன்று மதியம் உனக்குக் காப்பி எப்படி வந்தது என்று இப்போது புரிகிறதா? அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு ஒரு டம்ளர் போட்டதில்லை.

பேப்பர்வெயிட்டை ஸ்பேஸ் பட்டையின்மேல் வைத்துவிட்டு வீட்டுப் பார்வைக்குப் போவதை நீ கண்டுபிடித்துவிட்டாய். மாமியார் நம்மை வெளியே தள்ளாமலிருக்க அதுதான் வழி. ஆனால் திரும்பி வரும்போது குறிப்பில் இருநூறு பக்கம் வெற்றிடம் ஓடியிருக்கும். போன வருடம் ஒரு கோப்பை விசாரணைக்கு அச்சிட்டபோது வெற்றுத்தாளாக இரண்டு கட்டு வந்தது. விசாரணைக் குழுவின் தலைவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்துவிட்டு "விரிவான அறிக்கை" என்று பாராட்டினார்.

ஒன்று சொல்ல வேண்டும். நீ வருவதற்கு முந்தின நாள் ஆகட்டும் சார் எல்லாரையும் கூப்பிட்டு, "மூணு நாளைக்கு எல்லாம் விதிப்படி இருக்கணும். நம்ம கைவேலை எதையும் காட்டக் கூடாது" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாகப் 'பார்க்கலாம்' என்று சேர்க்கவில்லை. மூன்று நாளும் உன் பின்னாலேயே நின்றார். ஆகவே நீ பார்த்தது நாங்கள் வேலை செய்வதை அல்ல, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காப்பித் தட்டோடு நடப்பதை. பேப்பர்வெயிட் மட்டும் பழக்கதோஷத்தில் வெளியே வந்துவிட்டது. மற்றத் தந்திரங்களை உனக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? அதில் பாதி நீ ஆரம்பித்து வைத்தது.

புறப்படும்போது படியில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தாய். சரியாக அந்த நேரத்தில் போன் அடித்தது. எடுக்காமல் இருந்திருக்கலாம். பதினோரு வருடமாக எடுத்துப் பழகிவிட்டது.

அக்காவின் காகிதக் கோப்பை உன்னிடம் காட்டியதற்கு நன்றி சொல்ல வேண்டியவள் நான்தான். காரணம், படித்துவிட்டு நீ ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

கருங்கல்


ஏப்ரல் 12

அன்புள்ள கருங்கல்லுக்கு,

நாளை காலை உங்கள் திரை மாறும், இது உன் கைக்கு வருவதற்குள் பார்த்திருப்பாய். பயப்படாதே.

நாற்பத்து மூன்று திரை ஒன்பதாகிவிட்டது. தட்டத் தட்டத் தானே சேமித்துக்கொள்ளும். பத்து நிமிடம் யோசித்தால் "இருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்கும், தள்ளாது. (மேலாளர் "இன்னும் இருக்கிறீர்களா?" என்று வைக்கச் சொன்னார். அதைக் கேட்டு யாராவது மாமியார் நினைப்பில் வேலையை விட்டுவிடுவார்கள் என்று 'இன்னும்' என்பதை எடுத்துவிட்டேன்.) குழந்தைகள் அனைவரும் பணியோய்விலிருந்து விடுவிக்கப்பட்டார்கள்.

உனக்காக இரண்டு. 'உடன்பிறந்தோர்' என்று பெரிதாக ஒரு கட்டம், முதல் திரையிலேயே. இரண்டாவது, வீடு தேடும் திரையில் 'ஒரே வீட்டில் எத்தனை குழந்தைகள்?' என்ற கேள்வி. இவ்வளவு சின்னக் கேள்வியை இருபது வருடம் யாரும் கேட்கவில்லை என்பதைக் குற்றமாகச் சொல்லவில்லை, நானும் அந்த யாரும்தான்.

வேண்டாத கட்டங்கள் அறுபத்தொன்றைத் தூக்கிவிட்டேன். பேஜர் எண், தந்தி முகவரி, குடும்பத்தின் வானொலி உரிமம், ஃபேக்ஸ் எண். இந்தக் காலத்தில் எந்தக் குழந்தைக்கு ஃபேக்ஸ் எண் இருக்கிறது சொல்! சுமையை இறக்கி வைத்தாற்போல் திரை எவ்வளவு காற்றோட்டமாக இருக்கிறது தெரியுமா. நேற்று அதை வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தத் துறைக்கு நான் செய்த முதல் நல்ல காரியம் இதுதான் என்று தோன்றியது. பெருமையாகச் சொல்கிறேன், வேறு யாரிடம் சொல்வது?

அக்கா தம்பி இருவரையும் தேடிப் பார்த்து முதல் ஆளாக எனக்கு எழுது.

அன்புடன்,
வாளி


ஏப்ரல் 18

வாளி,

கூரியரில் அனுப்புகிறேன். உங்கள் உதவி மையத்துக்குப் போன் செய்தேன். என் வரிசை எண் ஒன்பது, பதினைந்து வேலை நாளில் பதில் வருமாம். உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். பேசினால் என் குரல் எப்படி வரும் என்று எனக்கே தெரியவில்லை.

அந்த ஃபேக்ஸ் கட்டத்தில் ஃபேக்ஸ் எண் இல்லை. அதில்தான் உடன்பிறந்தவர்கள் இருந்தார்கள். முதல் திரையில் எதை வேண்டுமானாலும் எழுதவிடும் கட்டம் அது ஒன்றுதான். "தம்பி, பேக்கரி மாடி." "தங்கைகள் 2, ரயில்வே கேட்." பதினோரு வருடமாக எல்லா அலுவலகத்திலும் அப்படித்தான் வைத்திருக்கிறோம். உனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நீதானே ஆரம்பித்தாய்?

இப்போது உன் புதிய கட்டம் எல்லாக் கோப்பிலும் காலி. காலி என்றால் மென்பொருள் 'இல்லை' என்று எடுத்துக்கொள்கிறது. திங்கட்கிழமை ஒரே நாளில் எங்கள் பிள்ளைகள் எல்லாரும் ஒற்றைப் பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். ஆறு மாதம் நெருங்குகிறவர்களுக்கு 'நிரந்தர வீடு' அறிவிப்பைத் தானே அச்சிட்டு அனுப்பியும் விட்டது, மிக வேகமாக. உன் புதிய மென்பொருள் நன்றாக வேலை செய்கிறது.

அக்கா இருக்கும் வீட்டுக்கு அறிவிப்பு போய்விட்டது. நல்லவர்கள், ஒரு பெண் போதும் என்பவர்கள். மே 14 அன்று கையெழுத்துப் போடுவார்கள். அக்காவும் தம்பியும் உடன்பிறந்தவர்கள் என்பதற்கு நவம்பர் 14 தேதியிட்டு, அம்மா உயிரோடு இருக்கும்போது பதிந்த ஒரே ஆதாரம் அந்தக் கட்டம். இப்போது நான் எழுதினால் இன்றைய தேதி விழும். "ஐந்து மாதமாக ஏன் சொல்லவில்லை?" என்பார்கள். ஃபேக்ஸ் கட்டத்தில் சொன்னேன் என்பேன்.

விதிப்படி நடித்துக் காட்டியது நாங்கள். நான் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆகவே உன்னை மட்டும் திட்ட முடியவில்லை. அதுவே பெரிய தொந்தரவாக இருக்கிறது.

திரும்ப எடு.

கருங்கல்


ஏப்ரல் 27

அன்புள்ள கருங்கல்லுக்கு,

கிடைத்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றுகூட விடாமல், அந்தந்தத் தேதியோடு. இன்று மாலைக்குள் எல்லாம் உடன்பிறந்தோர் கட்டத்தில் இருக்கும். அச்சிட்ட அறிவிப்புகள் செல்லாது என்று தனி உத்தரவு வருகிறது. அக்காவின் கோப்பை முதலில் போட்டேன்: "தம்பி 4 வயது. அம்மா சொன்னது. பிரிக்காதே." நவம்பர் 14, மாலை 4.52, உன் பணியாளர் எண்.

எப்படி என்று கேள். நீக்கிய கட்டங்களின் பிரதி முப்பது நாள் இருக்கும். அதைத் திறக்கத் துறையிலிருந்து மேலதிகாரி கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். விதியை மீறி ஒரு கட்டத்தைப் பதினோரு வருடம் பயன்படுத்தினோம் என்று எந்த மேலதிகாரி எழுதிக்கொடுப்பார்? தலையெழுத்தே என்று உன் ஆகட்டும் சாருக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டார். நான் 'ஆகட்டும், பார்க்கலாம்' வரும் என்று காத்திருந்தேன்.

"எழுதிக்கங்கம்மா" என்றார். "இத்துறை தன் ஆறாயிரத்து இருநூற்றுப் பதினான்கு ஃபேக்ஸ் எண்கள் இல்லாமல் ஒரு நாளும் இயங்க இயலாத நிலையில் உள்ளது."

"சார், அதுல ஃபேக்ஸ் எண்ணே இல்லையே?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் திறந்து பார்த்ததில்லையே." பிறகு, "அதுல நாப்பது அம்பது நான் போட்டது" என்றார். பன்னிரண்டு நிமிடத்தில் கையெழுத்தோடு கடிதம் வந்துவிட்டது. அவரைப் பற்றி நாம் பேசிய எல்லாவற்றுக்கும் மன்னிப்பு கேட்கலாமென்று நினைக்கிறேன். எல்லாவற்றுக்கும் வேண்டாம், பாதிக்கு.

ஆறாயிரத்து இருநூற்றுப் பதினான்கையும் படித்தேன். சரிபார்க்கவேண்டியது என் வேலை என்று சொல்லிக்கொண்டு படித்தேன். அதில் உண்மையான ஃபேக்ஸ் எண் மூன்று. மற்றதெல்லாம் முப்பது எழுத்துக்குள். "இரட்டையர். சேர்த்தே கேள்." "அண்ணன் ஹாஸ்டல். ஞாயிறு வருவான்." "தங்கை நாய்க்குப் பயம். சொல்லிவிடு." "அண்ணன் இல்லை. அவள் கேட்டால் மட்டும்." இதையெல்லாம் யார் எழுதினார்கள்? எங்கள் வண்ணப்படத்தில் 'மூன்று' என்று குறித்தவர்கள்.

பட்டியலைத் தேதி வரிசையில் போட்டால் முதல் பதிவில் என் பணியாளர் எண். "தம்பி: பால் டிப்போ பின் வீடு. கூட்டிப்போ."

சத்தியமாக எனக்கு நினைவில்லை. நீ "நீதானே ஆரம்பித்தாய்" என்றபோது வேறு யாரையோ சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன். அந்த இரண்டு அண்ணன் தம்பிகளை மட்டும் நினைவிருக்கிறது. ஒரு கட்டில்தான் திரையில் வந்தது, பொத்தானை அழுத்தியது நான். பெரியவன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு வருவானா மிஸ்?" என்றான். "வருவான்" என்றேன். அந்த வாரமே போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொன்னால் நீ இருக்கச் சொல்வாய், நான் இருந்துவிடுவேன் என்று பயம். பதினோரு வருடமாக வேறு எந்த வீட்டின் கதவையும் தட்டியதில்லை. திரைகளைத்தான் சரிசெய்கிறேன். திரையில் யாரும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை.

அந்தக் குறிப்பை யாராவது பார்த்திருப்பார்களா?

வாளி


மே 12

அன்புள்ள வாளி,

பார்த்தது நான்.

நீ போன திங்கட்கிழமை உன் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன், உன்னைத் திட்டிக்கொண்டே. ஏழாவது கோப்பில் ஃபேக்ஸ் எண் இருக்க வேண்டிய இடத்தில் பால் டிப்போ இருந்தது. அந்தச் சனிக்கிழமை பெரியவனைக் கூட்டிக்கொண்டு போனேன். பிறகு மாதம் ஒரு முறை, நான்கு வருடம். "நாளைக்கு" என்று நீ சொன்னது ஒரு வாரம் தாமதமாயிற்று, அவ்வளவுதான். பெரியவன் இப்போது லாரி பட்டறையில் இருக்கிறான். பதினெட்டு ஆனதும் தம்பியைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டான். இரண்டு பேரும் வருடம் ஒருமுறை அலுவலகத்துக்கு வந்து, க்ரீஸ் கையோடு என் மேசையைத் தொட்டுக் கறையாக்கிவிட்டுப் போவார்கள்.

அதற்குப் பிறகு என் கோப்புகளிலும் அப்படி எழுதினேன். பக்கத்து மேசை பார்த்தது. மாற்றலாகிப் போனவர்கள் போன இடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். உன் ஆறாயிரத்துச் சொச்சம் அப்படி வந்ததுதான். இதை உனக்கு என்றைக்கோ எழுதியிருக்க வேண்டும். நன்றி சொன்னால் கோபம் கைவிட்டுப் போய்விடும் என்று வைத்துக்கொண்டிருந்தேன். நல்ல கோபம், நன்றாக உழைத்தது. இப்போது நன்றி சொல்கிறேன்.

அடுத்த செய்தி.

உன் புதிய திரையில் 'இரண்டு குழந்தைகள், ஒரே வீடு' என்று போட்டேன். ஒரு பெயர் வந்தது. முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர், அவர் மனைவி. பதிவு செய்து ஆறு வருடம் ஆகிறது, ஒரு குழந்தைகூடப் போனதில்லை. எப்படி என்று பார்த்தேன். பதிவான நாளே யாரோ ஒரு கட்டிலை ஒதுக்கிவிட்டு, குழந்தையை அனுப்பாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். பழைய மென்பொருள் அந்த வீட்டை ஆறு வருடமும் 'ஒதுக்கப்பட்டது' என்றே காட்டியிருக்கிறது.

நேரில் போனேன். அந்த அம்மா கதவைத் திறந்து என் அட்டையைப் படித்துவிட்டு, உள்ளே கூப்பிடக்கூட மறந்துபோய் நின்றாள். "ஆறு வருஷமா ரெண்டு கட்டில் போட்டு வெச்சிருக்கோம். மாசாமாசம் விரிப்பு மாத்துறேன். ஒருத்தரும் கூப்பிடல. எங்ககிட்ட என்னம்மா குறை?" என்றாள். கம்ப்யூட்டர் கோளாறு என்று சொன்னேன். அவர் கத்திரியைக் கையில் வைத்தபடியே கடையிலிருந்து ஓடி வந்தார். "கோளாறா? நான் என் மூஞ்சியப் பார்த்துத்தான் வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார். அவள், "அதுவும் ஒரு காரணமா இருக்கும், கேட்டுக்கங்க" என்றாள். நான் சிரித்துவிட்டேன். வேலை நேரத்தில் சிரித்து எத்தனை நாளாயிற்று.

விசாரணைக் குழு நீ மீட்ட நவம்பர் தேதியைப் பார்த்தது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள், ஏன் ஃபேக்ஸ் என்று. ஆகட்டும் சார் எழுந்து நின்று, "அப்போதைய தொழில்நுட்பம் அப்படி" என்றார். முடிந்தது.

சனிக்கிழமை இருவரையும் கொண்டுபோய் விட்டேன். தம்பியை முதலில் இறக்கினேன். பின்னாலேயே அக்கா வந்தாள். கட்டிக்கொள்வார்கள் என்று நான் ஒரு தயாரிப்போடு நின்றேன். அவன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அந்த அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். ஆறு மாதம், நான்கு வயதுக்கு அது நீளம். அக்கா நேராக உள்ளே போய் ஜன்னல் ஓரக் கட்டிலில் பையை வைத்தாள். உடனே அவன் வெளியே வந்தான். "அது என்னுது!" அவள், "போடா, நான்தான் பெரியவ." அவன் பையை இழுத்துக் கீழே போட்டான். அவள் அவன் காதைத் திருகினாள். அவன் கையைக் கடித்துவிட்டான். அந்த அம்மா பதறிப்போய்ப் பிரிக்கப் போனாள். நான் தடுத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் இருவரும் அதே கட்டிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். அக்கா என் கையிலிருந்த கோப்பைப் பார்த்துக் கேட்டாள்: "இதையும் எழுதுவீங்களா?"

"இதுக்கு எழுத இடம் இல்லம்மா."

யோசித்தாள். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு மறுபடி அவன் காதைப் பிடித்தாள்.

பார்வைக் குறிப்பு ஒன்பது திரையில் முடிந்துவிட்டது. மணி நான்கு. எனக்கு ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தது, என்ன செய்வதென்று தெரியவில்லை. நீண்ட நாளாகப் போக முடியாத ஒரு வீட்டுக்குப் போனேன். அங்கிருந்த பையன், "இன்னிக்கு ஏன் அவசரமே படல?" என்று சந்தேகத்தோடு கேட்டான். உன் பெயரைச் சொன்னேன்.

அந்தச் சண்டைக்காகக் கட்டம் எதுவும் வைத்துவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை அவர்களைப் பார்க்கப் போக வேண்டும், முதல் வாரப் பார்வை. நீயும் வருகிறாய். வருகிறாயா என்று கேட்கவில்லை. கதவை நான் தட்டுகிறேன், நீ பின்னால் நின்றால் போதும். பத்து மணிப் பேருந்து, நம் அலுவலகத்துக்கு எதிர் நிறுத்தம். இடம் பிடித்து வைக்கிறேன். ஜன்னல் பக்கம் எனக்கு, அதில் மட்டும் சண்டைக்கு வராதே.

உன்,
கருங்கல்